வலி அறிந்த இரும்புக்கை

1962-ஆம் ஆண்டு மே மாதம், சோவியத் நாட்டின் ஒத்துழைப்புடன் எழுந்த நெய்வேலி அனல் மின் நிலையத்தின் முதல் அலகு மின்சாரம் தரத் தொடங்கியது. அதே ஆண்டு அக்டோபரில் இங்கிலாந்தில் ‘வேலியன்ட்’ என்னும் சிறுவர் வார இதழ் பிறந்தது. அதில் தொடராக வந்த ஒரு படக்கதையின் நாயகன், உடலில் மின்சாரம் பாய்ந்ததும் கண்ணுக்குத் தெரியாமல் மறைந்துவிடுவான். வலக்கைக்குப் பதிலாகப் பொருத்தப்பட்ட எஃகுக் கை மட்டும் மறையாமல் அந்தரத்தில் தனியே அசையும். இவ்விரு நிகழ்ச்சிகளுக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. ஆயினும் பத்து ஆண்டுகள் கழித்து, 1972-இல், அந்த எஃகுக் கை சிவகாசியில் தமிழ் கற்றுக்கொண்டு, ‘இரும்புக்கை மாயாவி’ என்னும் பெயரில் முத்து காமிக்ஸின் முதல் இதழாக வெளிவந்தபோது, மின்சாரம் பிறக்கும் ஊரில் வளர்ந்த எங்களைப் போன்ற சிறுவர்களுக்கு இரண்டும் ஒன்றாகவே தோன்றின. எங்கள் தந்தையர் உண்டாக்கிய மின்சாரமே மாயாவியின் உடம்பில் பாய்கிறது என்று நாங்கள் உறுதியாக நம்பினோம்.

ஊரும் நானும் ஏறக்குறைய ஒத்த வயதினர். என் தந்தை அனல் மின் நிலையத்தில் பணியாற்றினார். மாயாவியைப் படித்துவிட்டு, சுவிட்சுப் பெட்டியை ஏக்கத்தோடு பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகள் அக்காலத்தில் எங்கள் வட்டத்தில் பலர் இருந்தனர். இரவு ஷிப்டு முடிந்து வந்த தந்தை ஒருநாள் எங்களையெல்லாம் உட்காரவைத்துச் சொன்னார்: “மின்சாரம் பட்டவன் மறையத்தான் செய்வான், ஆனால் திரும்பி வரமாட்டான்.” புத்தகத்தை அவர் பிடுங்கவில்லை, கிழிக்கவுமில்லை. கதை எங்கே பொய் சொல்கிறது என்பதை மட்டும் ஒரே வரியில் காட்டிவிட்டு உறங்கப் போனார். ஒரு நூலைப் பிள்ளைகளுக்காக மதிப்பிடுவது எப்படி என்பதற்கு நான் பெற்ற முதற்பாடம் அதுவே.

இதனை இப்போது எழுத நேர்ந்ததற்கு ஒரு காரணம் உண்டு. பதின்மூன்று வயதான என் பெயரனின் கையில் அண்மையில் ஜப்பானியப் படக்கதை ஒன்று குடியேறியிருக்கிறது. ‘மங்கா’ என்று அவன் சொன்னபோது, என் துணைவியார் “மாங்காயா?” என்று கேட்டார். வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டிய, கறுப்பு வெள்ளைச் சித்திரங்கள் நிறைந்த, ஆங்கிலத்தில் பெயர்க்கப்பட்ட தொடர் அது. மொத்தம் 27 தொகுதிகள். தற்செயலாக ஒரு பக்கத்தைப் புரட்டிய என் மகள் அதிர்ந்துபோனாள். “அப்பா, நீங்களே முழுவதும் படித்துவிட்டுச் சொல்லுங்கள். இது பிள்ளை படிக்கத் தக்கதா, இல்லையா?” என்று என்னிடம் ஒப்படைத்தாள். ஓய்வுபெற்ற ஆசிரியனுக்கு இதைவிட நல்ல வேலை ஏது? இருபத்தேழு தொகுதிகளையும் படித்தேன். அத்தொடரின் நாயகனுக்கும் வலக்கை எஃகினால் ஆனது என்பதை அறிந்தபோது என் வியப்பு பெருகியது.

பழைய அச்சம்

படக்கதைகளைக் கண்டு பெரியவர்கள் அஞ்சுவது புதிதன்று. 1954-இல் அமெரிக்க மனநல மருத்துவர் பிரெடரிக் வெர்தாம், சிறுவர்களின் குற்றங்களுக்குப் படக்கதைகளே தூண்டுகோல் என்று வாதிட்டு ஒரு நூல் எழுதினார். அவர் வெறும் ஆரவாரக்காரர் அல்லர். நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் ஏழைக் கறுப்பின மக்களுக்கு மனநல மருத்துவம் கிடைக்கச் செய்தவர். அவருடைய குரலால் அமெரிக்க மேலவையில் விசாரணை நடந்தது. பதிப்பாளர்கள் தங்களுக்குத் தாங்களே ஒரு தணிக்கை விதித்தொகுப்பை வகுத்துக்கொண்டனர். ஆனால் 2012-இல், அவர் விட்டுச்சென்ற குறிப்பேடுகளை ஆராய்ந்த கரோல் டில்லி என்னும் பேராசிரியர், பிள்ளைகள் கூறியவற்றை வெர்தாம் தம் கருத்துக்கு இசைவாகத் திரித்தும் சுருக்கியும் பயன்படுத்தியிருப்பதை எடுத்துக்காட்டினார். நல்ல நோக்கம் இருந்தால் மட்டும் போதாது. பிள்ளை என்ன சொல்கிறது என்பதை உள்ளபடியே கேட்கும் பொறுமையும் வேண்டும் என்பது இதனால் விளங்குகிறது.

அதே அமெரிக்காவில் கத்தோலிக்கர் வேறொரு வழியையும் நாடினர். ஓகையோ மாநிலத்தின் டேட்டன் நகரிலிருந்து, 1946 முதல் 1972 வரை, ‘டிரெஷர் செஸ்ட்’ என்னும் படக்கதை இதழ் கத்தோலிக்கப் பள்ளிகளின் வழியாகப் பிள்ளைகளைச் சென்றடைந்தது. 1964-இல் அவ்விதழ், குடியரசுத் தலைவர் தேர்தலில் நிற்கும் ஒருவரின் கதையைத் தொடராக வெளியிட்டது. வேட்பாளரின் முகத்தை இறுதிவரை காட்டவேயில்லை. கடைசியில் அவர் கறுப்பினத்தவர் என்பது தெரியவருகிறது. அவருடைய பண்பை மட்டுமே அதுவரை பார்த்து அவரை விரும்பிய சிறுவர்கள், அதன்பின் தம் மனத்தைத் தாமே சோதித்துக்கொள்ள வேண்டியவராயினர். படக்கதையால் இத்தகைய நுட்பமான பணியையும் செய்ய இயலும் என்பதற்கு இது சான்று. ஆகவே ‘படக்கதை நல்லதா, தீயதா’ என்னும் கேள்வியைவிட ‘இந்தப் படக்கதை எப்படிப்பட்டது’ என்னும் கேள்வியே பயனுடையது.

மாயாவி தந்ததும் தராததும்

முதலில் நம் மாயாவியையே எடுத்துக்கொள்வோம். அவனுடைய இயற்பெயர் லூயிஸ் கிராண்டேல். ஆய்வகம் ஒன்றில் உதவியாளன். விபத்தில் கையை இழந்தவன். கென் புல்மரும் டாம் டல்லியும் எழுதிய அத்தொடருக்குச் சித்திரம் தீட்டியவர் ஸ்பெயின் நாட்டின் ஹெசூஸ் பிளாஸ்கோ. ஒளியையும் நிழலையும் அவர் கையாண்ட முறையை இன்று பார்த்தாலும் கண் விலக மறுக்கிறது. இரண்டாந்தரத் தாளில் மங்கலாக அச்சான போதும் அந்த நிழல்களின் அழகு கெடவில்லை.

தொடக்கக் கதையில் கிராண்டேல் நல்லவனே அல்லன். கண்ணுக்குத் தெரியாத நிலை வாய்த்ததும் திருடுகிறான். ஒரு பெருநகரையே அச்சுறுத்துகிறான். பின்னர்த்தான் திருந்தி, நிழற்படை என்னும் உளவு அமைப்பில் சேர்ந்து தீயவர்களை எதிர்க்கிறான். ‘ஒருவரும் காணாத இடத்தில் நீ யார்?’ என்பது எந்தக் காலத்துக்கும் உரிய கேள்வி. அக்கேள்வியை அந்த முதற்கதை சரியாகவே எழுப்பியது. ஆனால் தொடர் வளர வளர, கேள்வி மறைந்து கை மட்டுமே எஞ்சியது. விரல் நுனியில் துப்பாக்கி, இன்னொரு விரலில் நச்சுப்புகை, உள்ளே வானொலிக் கருவி என்று கைக்குள் புதுப்புதுக் கருவிகள் புகுந்தன. மனிதன் சிறுத்துக் கருவி பெருத்தது.

அக்காலத்தில் எங்கள் வீட்டில் உண்மையாகவே ஒரு செயற்கைக் கை இருந்தது. என் தாயின் தம்பி, பண்ணுருட்டிப் பக்கத்துச் சிற்றூரில் கரும்பு ஆட்டும் ஆலையில் வலக்கையை மணிக்கட்டுக்கு மேலே இழந்தவர். உருளைகளுக்கிடையே கரும்பைச் செலுத்தும்போது, ஒரு கணம் தாமதித்த கை அது. வெல்லம் காய்ச்சும் ஊர்களில் அவரைப் போன்றோர் ஒருவர் இருவர் எப்போதும் இருப்பர். தோல் வாரினால் கட்டப்பட்ட மரக்கையும் அதன் நுனியில் ஓர் இரும்புக் கொக்கியுமாக, அவர் எங்கள் குடியிருப்பில் சில ஆண்டுகள் தங்கியிருந்தார்.

மாயாவிக்கு ஒரு நன்றியை நான் இங்கே பதிவு செய்தாக வேண்டும். அதுவரை மாமாவைக் கண்டால் தெருப் பிள்ளைகள் தாயின் முந்தானைக்குப் பின்னே ஒளிந்துகொள்வர். 1972-க்குப் பின் அதே பிள்ளைகள் அவரைச் சூழ்ந்துகொண்டு, கொக்கியைத் தொட்டுப் பார்க்க முறை போட்டுக்கொண்டனர். ‘மாயாவி மாமா’ என்பது அவர் பெயராயிற்று. ஊனம் என்று ஒதுக்கப்பட்டதைப் பெருமையாக மாற்றியது அந்த எளிய படக்கதை. அவர் முகத்தில் அப்போது தோன்றிய வெளிச்சத்தை எந்தச் சீர்திருத்தச் சொற்பொழிவும் கொண்டுவந்திருக்க இயலாது.

ஆனால் மாமா அப்புத்தகத்தைப் படித்து முடித்துவிட்டுக் கேட்ட கேள்வி ஒன்றும் என் நினைவில் நிற்கிறது. “ஏன்டா மருமகனே, எல்லாம் சரி. இந்தக் கைக்கு வலியே கிடையாதா?” இல்லாமற்போன விரல்கள் இரவில் அரிப்பதாகவும், மழைக்காலத்தில் இல்லாத உள்ளங்கை எரிவதாகவும் அவர் சொல்வார். தோல்வார் உராய்ந்து புண்ணாகும். என் தாய் தேங்காய் எண்ணெய் தடவிவிடுவார். சோறு பிசைய, சட்டைப் பித்தான் போட, சிலுவை அடையாளம் வரைய எல்லாம் இடக்கை மறுபடி கற்க வேண்டியிருந்தது. மாயாவியின் பக்கங்களில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. அவன் கையை இழந்ததற்காக ஒருநாளும் அழுததில்லை. அந்தக் கை தாக்கியவர்களுக்கும் அடுத்த சட்டத்தில் வலி இருந்ததில்லை. சி.ஐ.டி. லாரன்ஸ், ஜானி நீரோ என்று அக்காலத்தில் எங்களை ஆட்கொண்ட பிற நாயகர்களின் கதைகளிலும் இதே நிலைதான். வீரம் இருந்தது; வலி இல்லை.

ஜப்பான் தந்த இரண்டு தொடர்கள்

ஜப்பானில் சிறுவர்க்கான படக்கதை பெருந்தொழிலாகும். 1968-இல் தொடங்கிய ‘ஷோனென் ஜம்ப்’ என்னும் வார இதழ், 1990-களின் நடுவில் ஒவ்வொரு வாரமும் அறுபது இலட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. நட்பு, முயற்சி, வெற்றி என்னும் மூன்று சொற்களே அவ்விதழின் தாரக மந்திரம். அதில் 1984 முதல் 1995 வரை அகிரா தொரியாமா வரைந்த ‘டிராகன் பால்’ உலகெங்கும் பரவியது; 2024 மார்ச்சில் தொரியாமா காலமானபோது பல நாடுகளில் துயரம் பொங்கியது.

பெயரன் முதலில் படித்தது அத்தொடரையே. அதன் ஓட்டத்தில் குறை காண்பது கடினம். ஒரு தாக்குதல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதைக் கண் தடுமாறாமல் காட்டும் திறம் அவருக்கு இயல்பாக வாய்த்திருந்தது. நாயகன் கோகு கடுமையாக உழைக்கிறான். தோற்றால் பழிக்காமல் மீண்டும் பயில்கிறான். நேற்றைய எதிரிகள் பலர் நாளடைவில் அவனுடைய தோழராகின்றனர். இவை நல்ல பண்புகளே. ஆயினும் முதியவர் ஒருவர் பெண்களிடம் நடந்துகொள்ளும் முறையை நகைச்சுவையாகக் காட்டும் பகுதிகள் சிறுவர்க்கு ஏற்றவை அல்ல. அதைவிட ஆழமான குறை வேறொன்று. ஏழு மாயப் பந்துகளைத் திரட்டினால் இறந்தவரும் உயிர்த்தெழுவர். முதன்முறை அது மெய்சிலிர்க்க வைக்கிறது. மூன்றாம் முறை, மரணம் ஓர் இடைவேளையாகிவிடுகிறது. மீட்டுவிடலாம் என்று தெரிந்தபின் இழப்புக்கு எடை இல்லை.

என் மகளை அதிரவைத்த இரண்டாம் தொடர் ‘ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்’. ‘முழுதும் உலோகமான இரசவாதி’ என்று அதனைத் தமிழில் கூறலாம். 2001 முதல் 2010 வரை மாத இதழொன்றில் அதனை எழுதி வரைந்தவர் ஹிரோமு அரகாவா என்னும் பெண்மணி. ஹொக்கைடோ தீவில், பால்மாடுகள் வளர்க்கும் உழவர் குடும்பத்தில் பிறந்தவர். தம்மை ஒரு கண்ணாடி அணிந்த பசுவாக வரைந்துகொள்வது அவர் வழக்கம்.

எட்வர்டு, அல்ஃபோன்ஸ் என்னும் இரு சகோதரர்கள் தாயை இழக்கின்றனர். இரசவாதக் கலையால் அவளை உயிர்ப்பித்துவிடலாம் என்று துணிகின்றனர். தடைசெய்யப்பட்ட அச்செயலில் அண்ணன் இடக்காலை இழக்கிறான். தம்பியோ முழு உடலையும் இழக்கிறான். தம்பியின் ஆன்மாவை ஓர் இரும்புக் கவசத்தில் பிணைப்பதற்காக, அண்ணன் தன் வலக்கையையும் விலையாகக் கொடுக்கிறான். தாயோ வரவில்லை. அப்போது மூத்தவனுக்கு வயது பதினொன்று.

மாமாவின் கேள்விக்கு ஐம்பது ஆண்டுகள் கழித்து இக்கதையில் விடை கிடைத்தது. எட்வர்டின் எஃகுக் கை வலிக்கிறது. நரம்புகளோடு அதனை இணைக்கும்போது அவன் பல்லைக் கடித்துக்கொள்கிறான். அதற்குப் பழக நெடிய பயிற்சி தேவைப்படுகிறது. அடிக்கடி பழுதாகிறது. கடுங்குளிர் நாட்டுக்குச் சென்றால் உலோகம் சதையை உறையவைத்துவிடும் என்ற எச்சரிக்கை வருகிறது. அக்கையைச் செய்பவளும் செப்பனிடுபவளும் வின்றி என்னும் அவனுடைய இளமைத் தோழி. அவன் அதை உடைத்துக்கொண்டு வரும்போதெல்லாம் கடிந்துகொண்டே சீர்செய்கிறாள். மாயாவியின் கை யாரோ பொருத்தியது. பொருத்தியவரை நாம் நினைப்பதில்லை. எட்வர்டின் கைக்குப் பின்னே, எண்ணெய் படிந்த இன்னொருத்தியின் கைகள் எப்போதும் தெரிகின்றன. என் தாயின் தேங்காய் எண்ணெய்க் கிண்ணம் எனக்கு நினைவுக்கு வந்தது.

கத்தோலிக்கப் பெற்றோரின் ஐயங்கள்

என் மகளை அதிரவைத்த பக்கம் எது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆராய்ச்சியாளன் ஒருவன், பதவியைத் தக்கவைத்துக்கொள்ளத் தன் சிறு மகளையும் அவளுடைய நாயையும் ஒன்றாக்கி ஒரு விலங்காக மாற்றிவிடும் பகுதி அது. முதியவனான எனக்கும் அன்றிரவு உறக்கம் வரவில்லை. ஆயினும் அப்பகுதி குருதியைக் காட்டிச் சுவைக்க வைப்பதன்று. அந்தச் சிறுமியைக் காப்பாற்ற இயலாத சகோதரர்களின் துயரம் கதை முடியும்வரை உடன் வருகிறது. அறிவு, அன்பை இழந்தால் என்னவாகும் என்பதை இதைவிடக் கூர்மையாகச் சொல்வது அரிது. ஆயினும் பத்து வயதுக் குழந்தைக்கு அது தாங்காது. ஆங்கிலப் பதிப்பாளரும் இத்தொடரைப் பதின்ம வயதினர்க்கு உரியது என்றே வகைப்படுத்தியுள்ளனர். அவ்வகைப்பாடு பொருத்தமானதே.

இரண்டாவது ஐயம் சமயம் பற்றியது. கதையின் தொடக்கத்திலேயே, கதிரவக் கடவுளின் குருவாக வேடமிட்ட ஒருவன் போலி அற்புதங்களால் ஓர் ஊரையே ஏமாற்றுகிறான். இறந்த காதலன் திரும்பி வருவான் என்று நம்பி அவனிடம் அடைக்கலம் புகுந்த பெண் ஒருத்தி, உண்மை வெளிப்பட்டதும் நிலைகுலைகிறாள். இதைப் படிக்கும் பிள்ளை எல்லாக் குருக்களையும் ஐயுறுமோ என்று மகள் கேட்டாள். போலிக் குருவைத் தோலுரிப்பதால் மெய்யான குருத்துவத்துக்கு இழுக்கில்லை என்பது என் துணிபு. ஆனால் அதைப் பிள்ளையோடு அமர்ந்து பேசித் தெளிவாக்குவது பெற்றோரின் கடமை. இது ஞானோபதேச நூல் அன்று. மேல்நாட்டு இரசவாதக் குறியீடுகளை ஜப்பானியர் ஒருவர் தம் கற்பனைக்கேற்பப் பயன்படுத்திக்கொண்ட கதை.

மூன்றாவது செய்தி நம்மவர்க்குச் சுவையானது. கதையின் தீய உருவங்கள் ஏழு. அவற்றின் பெயர்கள் தலையான பாவங்கள் ஏழின் பெயர்களே. ஆங்காரம், உலோபம், மோகம், கோபம், போசனப்பிரியம், காய்மகாரம், சோம்பல் என்று நாம் சிறுவயதில் மனப்பாடம் செய்த அதே வரிசையினர்! அவற்றை உண்டாக்கியவன், தன் பாவங்களையெல்லாம் தன்னிடமிருந்து பிரித்து வெளியேற்றிவிட்டால் நிறைவுடையவன் ஆகிவிடலாம் என்று எண்ணியவன். அவ்வெண்ணமே ஆங்காரத்தின் உச்சி என்பதை அவன் உணரவில்லை. ‘தாத்தா, பாவத்தை வெளியே அனுப்பிவிட்டால் நல்லதுதானே?’ என்று பெயரன் கேட்டான். வெளியே அனுப்புவது ஒன்று, ஒப்புக்கொண்டு மனம் திரும்புவது ஒன்று என்று நாங்கள் பேசிய பேச்சு ஒரு மாலைப்பொழுது முழுவதும் நீண்டது. வகுப்பறையில் நான் கேட்கவைக்க முயன்று தோற்ற கேள்வியை, ஒரு படக்கதை தானாகவே கேட்கவைத்தது.

இவையனைத்தையும்விட என்னைக் கவர்ந்தது வின்றியின் கதையே. அவளுடைய பெற்றோர் மருத்துவர்கள். போரில் எதிர்த்தரப்பு மக்களுக்கும் மருத்துவம் செய்தவர்கள். தாம் பிழைக்கவைத்த ஒருவனாலேயே கொல்லப்பட்டவர்கள். கொன்றவனை முதன்முறை எதிர்கொள்ளும்போது அவள் துப்பாக்கியைத் தூக்குகிறாள், சுட இயலவில்லை. அவளுடைய கைகள் உயிர் கொடுக்கும் கைகள், கொல்லும் கைகள் அல்ல என்று எட்வர்டு அவளுக்கு நினைவூட்டுகிறான். பின்னொரு நாள் அதே மனிதன் காயமுற்றிருக்கும்போது அவன் கைக்குக் கட்டுப் போடுகிறாள். மன்னித்துவிட்டதாக அவள் சொல்லவில்லை. தன் பெற்றோர் இருந்திருந்தால் இதைத்தான் செய்திருப்பர் என்பதற்காகச் செய்கிறாள். மன்னிப்பு என்பது ஒரே நொடியில் பொங்கும் உணர்ச்சி அன்று. மனம் இன்னும் மறுக்கும்போதே கை எடுத்துவைக்கும் முதல் அடி என்பதைப் பதின்மூன்று வயதுப் பிள்ளை இங்கே கண்ணால் காண்கிறது.

ஆற்றலின் விலை

கதையில் வரும் ‘சமமான மாற்று’ என்னும் விதி நெய்வேலிக்காரனுக்குப் புதிதன்று. ஒன்றைப் பெற வேண்டுமானால் அதற்கு நிகரான ஒன்றைக் கொடுத்தாக வேண்டும் என்பதே அவ்விதி. நம் ஊரில் பழுப்பு நிலக்கரி மேற்பரப்பில் கிடப்பதில்லை. அதற்கு மேலே பன்மடங்கு மண் இருக்கிறது. கீழேயோ பேரழுத்தத்துடன் நிலத்தடி நீர். அந்நீரை இரவும் பகலும் இறைத்தால்தான் சுரங்கம் நிற்கும். கரி வெட்டிய இடங்களில் முன்பு சிற்றூர்கள் இருந்தன. முந்திரித் தோப்பும் நெல்வயலும் இருந்தன. அம்மக்கள் இடம்பெயர்ந்த பின்னரே தமிழ்நாட்டின் பல இல்லங்களில் விளக்கு எரிந்தது. 1962-இல் இயங்கத் தொடங்கிய அந்த முதல் மின் நிலையம், 2020 செப்டம்பரில் ஓய்வுபெற்றது. அது எரித்த கரியின் கணக்கு ஏடுகளில் இருக்கும். கொடுக்கப்பட்ட விலையின் கணக்கு முழுவதும் எந்த ஏட்டிலும் அடங்காது.

அரகாவாவின் கதையில் எல்லாரும் தேடும் ஒரு கல் உண்டு. அது கையில் இருந்தால் விலை கொடுக்காமலே எதையும் பெறலாம் என்று சகோதரர்கள் நம்புகின்றனர். தேடித் தேடிக் கடைசியில் அறிகின்றனர்: அக்கல் மனித உயிர்களால் ஆனது. விலை இல்லாமற் போகவில்லை; வேறு எவரோ செலுத்தியிருக்கின்றனர், அவ்வளவே. அதை அறிந்ததும் தம் பொருட்டு அத்தகைய கல்லைச் செய்ய அவர்கள் மறுக்கின்றனர். சுவிட்சைத் தட்டினால் வெளிச்சம் வரும் வீட்டில் வளரும் பிள்ளை, அந்த வெளிச்சத்துக்கு விலை செலுத்தியவர் யார் என்று ஒருநாளாவது நினைக்க வேண்டும். மாயாவியின் மின்சாரம் எனக்கு அந்த நினைவைத் தரவில்லை. இத்தொடர் என் பெயரனுக்குத் தந்திருக்கிறது. ‘மேட்டுக்கு அந்தப் பக்கம் முன்பு எந்த ஊர் இருந்தது, தாத்தா?’ என்று அவன் கேட்கத் தொடங்கியிருக்கிறான்.

கதையின் முடிவும் குறிப்பிடத்தக்கது. பல்லாண்டுகள் பயின்ற தன் கலை முழுவதையும் கொடுத்து, எட்வர்டு தம்பியின் உடலை மீட்கிறான். வென்றவன் ஆற்றல் மிக்கவனாக அன்று, எளிய மனிதனாகவே வீடு திரும்புகிறான். அதன்பின் சகோதரர்கள் பழைய விதியையே கடந்துபோக எண்ணுகின்றனர். பத்துப் பெற்றால் பத்தே திருப்பித் தருவது வாணிகம். தம்முடையது ஒன்றைச் சேர்த்துப் பதினொன்றாகத் தருவது என்று முடிவு செய்கின்றனர். அந்தப் பதினொன்றாவது எங்கிருந்து வருகிறது என்பதை நம் வாசகர்க்கு விளக்க வேண்டியதில்லை.

முடிவாகச் சில சொற்கள்

என் தீர்ப்பை மகளிடம் எழுத்தாகவே கொடுத்தேன். பன்னிரண்டு, பதின்மூன்று வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் இதனைப் படிக்கலாம். முதல் சில தொகுதிகளையேனும் பெற்றோரும் உடன் படிப்பது நலம். ‘டிராகன் பால்’ முயற்சியைக் கற்பிக்கும். ஆயினும் சில பகுதிகளுக்காகக் கண்காணிப்புத் தேவை. ‘இரும்புக்கை மாயாவி’யையோ எந்தப் பிள்ளையும் தடையின்றிப் படிக்கலாம். அரை நூற்றாண்டுக்கும் மேலாகத் தமிழ்ச் சிறுவர்களை வாசகர்களாக்கிய கதை அது. தமிழ் எழுத்துக் கூட்டி விரைந்து படிக்க என் போன்றோர் பழகியது அதன் பக்கங்களில்தான்.

எந்த வீரக்கதையாயினும் பிள்ளையின் கைக்குக் கொடுக்குமுன் மூன்று கேள்விகள் கேட்டால் போதும் என்று தோன்றுகிறது. அடிபட்டவனுக்கு வலிக்கிறதா? ஆற்றலுக்கு யார் விலை கொடுக்கிறார்? இறுதியில் நாயகன் எதையேனும் விட்டுக்கொடுக்கிறானா? மூன்றுக்கும் விடை கிடைக்கும் கதையில் வாள் இருந்தாலும், பூதம் இருந்தாலும் அஞ்ச வேண்டியதில்லை. மூன்றில் ஒன்றுக்கும் விடை இல்லாத கதை, எவ்வளவு தூய்மையானதாகத் தோன்றினாலும், பிள்ளையை எதிலும் வளர்ப்பதில்லை. மேலும் இக்கேள்விகளைப் பெரியவர்களே கேட்டு முடித்துவிடலாகாது. பிள்ளைகள் தாமே கேட்கப் பழகிவிட்டால், நாம் காணாத நேரத்தில் அவர்கள் கைக்கு வரும் புத்தகத்தையும் அவர்களே எடைபோட்டுக்கொள்வர்.